இருபது இடக்கைகள்

படம் பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று முதல் தடவை கேட்டபோது விக்னராஜா சிரித்துவிட்டார். அந்த வேலையே தனக்கு வேண்டும் என்று ஒருநாள் ஏங்குவார் என்று அப்போது அவருக்கே தெரியாது.

லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில், டயர்க் கடைக்கும் ஓடு விற்கும் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கூரைக் கட்டடம். அங்கே ஒரு சின்ன நிறுவனம். பல நாட்டுப் பழைய படங்களைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்த பிரதியை வாங்கி, வசனங்களுக்கு ஆங்கில வரிகள் சேர்த்து, வீட்டில் பார்க்கப் புளூ-ரே டிஸ்க்காக வெளியிடுவார்கள். மொத்தம் ஆறு பேர். விக்னராஜா பின்கூடத்தில் பெட்டி கட்டுபவர். டிஸ்க்கை உறையில் வைப்பார், கூடவே வரும் சின்னப் புத்தகத்தைச் செருகுவார், கண்ணாடித்தாள் சுற்றி முகவரி ஒட்டுவார். மூன்று வருடமாக இதுதான்.

அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவர் ஒவ்வொரு முறையும் வாசிப்பார். மொழிபெயர்த்தவர் இன்னார், அட்டை வரைந்தவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார் என்று பெயர்கள் இருக்கும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு படகில் வந்து இறங்கியபோது, தடுப்பு முகாமில் அவரை மூன்று எழுத்தும் ஓர் எண்ணுமாகத்தான் கூப்பிட்டார்கள். இன்றும் விசாக் கடிதங்களில் எண்தான் முதலில் வருகிறது. நல்ல காரியம் ஒன்றின் கீழே தன் பெயர் முழுதாக அச்சில் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை அவர் மனைவி நிரஞ்சினியிடம்கூடச் சொன்னதில்லை.

சரிபார்த்துக் கொண்டிருந்தவர் போன மாதம் மெல்பேர்ணுக்கு வீடு மாறிப் போய்விட்டார். வேலைகளை ஒழுங்குபடுத்தும் மிருணாளினிதான் முதலாளி கிரெக்கிடம் விக்னராஜாவின் பெயரைச் சொன்னாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, இருபத்தேழு வயது. முன்னொரு தடவை நானூறு சின்னப் புத்தகங்களில் ஒரு தாள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்ததை விக்னராஜாதான் கண்டுபிடித்தார். அதை அவள் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரம், அவள் ஒரு வெறும் உறையைக் கொண்டுவந்து பெட்டி கட்டும் மேசையில் வைத்தாள்.

"அண்ணா, இது செக் டிஸ்க். சைனீஸ் படம். வீட்டில full-ஆப் பாருங்கோ. புள்ளி, கோடு, சவுண்ட் விடுறது, எழுத்துப் பிழை, எது கண்டாலும் நேரத்தோட எழுதுங்கோ. செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு factory-க்கு ஓகே சொல்லோணும். அதுக்குப் பிறகு ரெண்டாயிரம் கொப்பி அடிச்சிடுவாங்கள்."

"நான் பாக்கிறதோ?"

"ஓம், நீங்கள்தான். Trial. சரியாச் செய்தால் இனி எல்லாம் உங்களிட்டத்தான் வரும். பெயரும் போடுவம்."

அன்று ரயிலில் விக்னராஜா அந்த உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

படத்தின் பெயர் 'பாதி எருமை'. எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்தது. கூட்டுப் பண்ணை கலைந்து, நிலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் வருடம். நிலத்தைப் பிரித்தாயிற்று, எருமையை எப்படிப் பிரிப்பது? இரண்டு வீட்டுக்கு ஓர் எருமை என்று முடிவாகிறது. ஒரு வீட்டில் கணவனை இழந்த ஒரு பெண், மறு வீட்டில் அவளோடு பேசாத மச்சான். ஒருநாள் விட்டு ஒருநாள் எருமை வரப்பைத் தாண்டி வீடு மாறும்.

சனிக்கிழமை காலை யன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, கொப்பியும் பேனையுமாகக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிரஞ்சினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு ஓய்வு நாள்.

"சோதினைக்குப் போற பெடியன் மாதிரி இருக்கிறியள்," என்றாள் தேத்தண்ணீரை வைத்தபடி. "எருமையைப் பாக்க இவ்வளவு ஆயத்தமோ?"

"சும்மா இரும். இது வேலை."

ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு புள்ளி, ஒரு கோடு எழுதியிருந்தார். திடீரென்று கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

திரையில் வயல் முழுக்க மஞ்சள் கதிர். ஊரே இறங்கி அறுக்கிறது. அடுத்த காட்சியில், அதே வரப்பு, அதே மனிதர்கள், அதே சட்டைகள், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று நாற்று நடுகிறார்கள்!

"நிரஞ்சினி! இஞ்ச ஓடி வாரும்! காலமை வெட்டினவை, பின்னேரம் நடுகினம்!"

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? நட்டால்தானே வெட்டலாம்? படத்தை மாறி ஒட்டிப்போட்டாங்கள்! முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்திட்டுது. இதை ஒருத்தரும் காணேல்லை!"

ஊரில், தென்மராட்சியில், அவருடைய தகப்பன் வானத்து மழையை நம்பி வயல் செய்தவர். ஐப்பசியில் மழை, தையில் அறுவடை, அதோடு சரி. பிறகு வயலில் மாடு மேயும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள். வன்னியில் குளத்துத் தண்ணீரில் இரண்டாவது போகம் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் இடையில் மாதக் கணக்கு உண்டு. ஒரே நாளில் வெட்டும் நடுகையுமா? நடக்கவே நடக்காது.

உடனே மிருணாளினிக்கு அழைத்தார். அவளுக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. "Seriously, அண்ணா? This is huge!" அவள் கிரெக்கை அழைத்தாள். கிரெக், படத்தைச் சுத்தம் செய்த வெளிநாட்டுக் கூடத்துக்கு அன்றே கடிதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விக்னராஜாவின் கால் தரையில் படவில்லை. கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சீனத்து வயலைப் பற்றியே பேசினார்.

திங்கள் காலை, கிரெக்கின் அறையில் தொலைபேசியைச் சத்தமாக வைத்து, ஆங்கில வரிகள் எழுதிய திருமதி லியுவிடம் விசாரித்தார்கள். தென்சீனக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர் அந்த அம்மா. கேள்வியைக் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல; பழைய களைப்பை நினைத்துச் சிரிக்கும் சிரிப்பு. தங்கள் ஊரில் யூலை மாதம் அப்படித்தான் என்றார். முதல் போகத்தை வெட்டிய கையோடு, ஓகஸ்ட் முதல் வாரத்துக்குள் இரண்டாம் போகத்தை நட்டுவிட வேண்டும். பிந்தினால் குளிருக்கு முன் கதிர் முற்றாது. பள்ளிக்கூடத்தைக்கூட மூடிவிட்டுப் பிள்ளைகளையும் வயலில் இறக்குவார்களாம். காலையில் வெட்டு, பின்னேரம் நடுகை. படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

கிரெக் கோபிக்கவில்லை. இனிமேல் புள்ளியையும் கோட்டையும் மட்டும் பார்த்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னார். கோபித்திருந்தால் பரவாயில்லை என்று விக்னராஜாவுக்குப் பட்டது. வெளிநாட்டுக் கூடத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவள் மிருணாளினி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். டிஸ்க் இன்னும் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அல்லது மனம் வரவில்லை.

நிரஞ்சினி வேலைக்குப் போன உடுப்பிலேயே குசினியில் நின்றாள். நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சீனாவுக்கே கமம் சொல்லிக் குடுக்கப் போனியளோ?"

விக்னராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வேறொரு எண்ணம் வந்தது. ஒரே வாரத்தில் வெட்டி, உழுது, நடுவதா? ஓர் எருமையை வைத்துக்கொண்டு இரண்டு வீடுமா? அப்படியென்றால் அந்த எருமை யாரிடம் எந்த நாள் நிற்கும் என்பது உயிர்ப் பிரச்சினை அல்லவா! சனிக்கிழமை பிழை தேடிய கண்ணோடு பார்த்ததில் கதையின் உச்சத்தையே தவறவிட்டிருக்கிறார். உடனே டிஸ்க்கைப் போட்டார். இப்போது ஒவ்வொரு காட்சியும் நெஞ்சைப் பிடித்தது. அந்தப் பெண் விடியற்காலையில் எருமைக்காக வரப்பில் காத்து நிற்கிறாள். மச்சான் கயிற்றை விடமாட்டேன் என்கிறான். எல்லோரும் அறுக்கிறார்கள், தூரத்திலிருந்து ஒரே வரிசையாக இருபது பேர்...

விக்னராஜா நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார்.

"இஞ்ச வாரும்," என்றார், இந்தத் தடவை மெதுவாக.

"இனி என்ன, எருமைக்குக் காய்ச்சலோ?"

"வெட்டுற கையைப் பாரும்."

அவள் பார்த்தாள். "கையில என்ன?"

அவர் குசினிக்குப் போய் இரண்டு அகப்பைகளைக் கொண்டு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். "எனக்குப் பக்கத்தில நில்லும். உது அரிவாள். இடக்கையால கதிரைப் பிடிச்சு வலக்கையால வெட்டும்." அவளும் குனிந்தாள். அவர் தன் அகப்பையை இடக்கைக்கு மாற்றி வீசினார். அது அவளுடைய முழங்கையில் டொக்கென்று விழுந்தது.

"ஐயோ! விசரோ உங்களுக்கு?"

"அதுதான்! வரிசைக்குள்ள ஒருத்தன் இடக்கையால வெட்டினாலே பக்கத்து ஆள் கத்துவான். எங்கட ஊரில இடக்கைக்காரனைக் கடைசி ஆளாத்தான் விடுவினம். இஞ்ச இருபது பேரும் இடக்கை! முந்தின காட்சியில இதே ஆக்கள் வலக்கை. படம் மறுபக்கம் திரும்பியிருக்கு, கண்ணாடியில பாக்கிற மாதிரி!"

நிரஞ்சினி முழங்கையைத் தடவிக்கொண்டே திரைக்குக் கிட்டப் போனாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லப் போறியளோ?"

விக்னராஜாவின் உற்சாகம் சட்டென்று நின்றது. காலையில்தான் ஒரு தடவை மூக்குடைபட்டிருக்கிறார். மறுபடியும் பிழையென்றால், பெட்டி கட்டும் மேசையை விட்டு இந்தப் பிறவியில் நகர முடியாது. மிருணாளினிக்கும் அவமானம். சும்மா இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பது நொடிக் காட்சி. ஆனால் நாளை மதியத்துக்குப் பிறகு இரண்டாயிரம் டிஸ்க்கில் இருபது பேரும் இடக்கையாலேயே வெட்டிக்கொண்டிருப்பார்கள். அவற்றை உறையில் போடப் போவதும் அவர்தான்.

மிருணாளினிக்கு அழைத்தார்.

"அண்ணா, please," என்றாள் அவள், விடயத்தைக் கேட்கும் முன்பே. "இன்னொருக்கா வேண்டாம். கிரெக் என்னைப் பாத்த பார்வை தெரியுமே?"

"தெரியும் தங்கச்சி. நான் சொல்லுறதை நம்பவேண்டாம். நாளைக்கு ஏழு மணிக்கு வந்து கயித்துச் சண்டை, அறுவடை, ரெண்டு காட்சியை மட்டும் நிறுத்திப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாரும். கையும் பாக்க வேண்டாம். அரிவாளும் பாக்க வேண்டாம்."

"அப்ப எதைப் பாக்கிறது?"

"எருமையை."

அதை அவர் அழைப்பதற்குச் சற்று முன்புதான் கண்டுபிடித்திருந்தார். தன் வயல் அறிவு ஒருமுறை காலை வாரிவிட்டது. கமம் தெரியாதவருக்கும் தெரியக்கூடிய சான்று ஒன்று வேண்டும் என்று காட்சியின் ஒவ்வொரு மூலையையும் துழாவினார். வரப்பின் ஓரத்தில், பாதி மறைந்து, எருமை நின்றது.

செவ்வாய் ஏழு மணி. மிருணாளினி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கணினியின் முன் உட்கார்ந்தாள். முதல் படம்: கயிற்றுக்குச் சண்டை நடக்கும் காட்சி. எருமையின் இடக் கொம்பு நுனி முறிந்து குட்டையாக இருக்கிறது. இரண்டாவது படம்: அறுவடை. எருமையின் வலக் கொம்பு குட்டை, இடக் கொம்பு முழுசு.

மிருணாளினி ஒருமுறை இதைப் பார்த்தாள், ஒருமுறை அதைப் பார்த்தாள்.

"Oh my God," என்றாள். பிறகு கத்தினாள். "அண்ணா! கொம்பு மாறியிருக்கு! கொம்பு!"

சத்தம் கேட்டு, அப்போதுதான் காப்பியோடு உள்ளே நுழைந்த கிரெக் ஓடி வந்தார். மிருணாளினி எழுந்து, தன் கதிரையில் விக்னராஜாவை உட்கார வைத்தாள். "நீங்களே காட்டுங்கோ." அவர் தன் உடைந்த ஆங்கிலத்தில் கொம்பைக் காட்டினார். கொம்பைக் காட்டிய பிறகு கைகளைக் காட்டினார். ஆர்வம் தாங்காமல் எழுந்து நின்று, மேசையிலிருந்த கோடு போடும் அடிமட்டத்தால் காற்றில் கதிர் அறுத்தும் காட்டினார். கிரெக் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு தொழிற்சாலைக்கு அழைத்து, இன்று ஓகே இல்லை என்றார்.

வெளிநாட்டுக் கூடத்திலிருந்து மறுநாள் பதில் வந்தது. அந்த நாற்பது நொடிக்கு மூலச் சுருள் பழுதாகியிருந்ததால் வேறொரு பிரதியிலிருந்து துண்டெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அதை மறுபக்கமாக வைத்து ஸ்கான் செய்துவிட்டார்கள். காட்சியில் எழுத்து எதுவும் இல்லாததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்தவருக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள். திருமதி லியு தானாகவே அழைத்தார். நானும் பத்துத் தடவை பார்த்தேன், சின்ன வயதில் அந்த வரிசையில் நின்று முதுகு உடைந்தவள்தான், எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையைப் பார்க்கவில்லை என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய செக் டிஸ்க் வந்தது. பின்கூடத்திலேயே சின்னத் திரையில் போட்டார்கள். எருமை இடக் கொம்பு குட்டையாக வரப்பில் நின்றது. இருபது வலக்கைகள் ஒன்றாக மேலெழுந்து இறங்கின. விக்னராஜா "ஆ! வெட்டு, வெட்டு!" என்று தன்னை மறந்து கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது மிருணாளினி சின்னப் புத்தகத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கம். "சரிபார்த்தவர்" என்ற இடத்துக்கு எதிரே வெறுமையாக இருந்தது.

"ஸ்பெல்லிங் பிழைச்சால் நீங்கள் விடமாட்டியள்," என்றாள். "நீங்களே எழுதித் தாங்கோ, முழுப் பெயரும்."

விக்னராஜா பேனையை எடுத்தார். தகப்பன் பெயரையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார். எழுதி முடித்த கையோடு நிரஞ்சினிக்கு அழைத்தார்.

"என்ன," என்றாள் அவள், "எருமை கண்டுக்குட்டி போட்டுட்டுதோ?"

"இல்லை. பெயர் போடுகினம். என்ர பெயர்."

"அப்ப என்ர பெயரும் போடச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "அகப்பையால அடி வாங்கினது நான்."