முந்நூற்று அறுபத்தாறாவது நாள்

கட்டிலை ஒட்டிய சுவரில், கை எட்டும் உயரத்தில் தினசரி காலண்டரை மாட்டச் சொன்னது இராமலிங்கமேதான். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட பிறகு, அவர் தெளிவாகக் கேட்ட முதல் பொருள் அது. பென்ஷன் தேதி தெரிய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, மனைவி சரோஜா ஆணியடித்து மாட்டினாள். தினமும் காலையில் இடது கையால் ஒரு தாளைக் கிழிப்பார். கிழித்த தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"கைக்கு நல்ல எக்சர்சைஸ்மா, கிழிக்கட்டும்" என்றான் பிசியோதெரபி செய்ய வந்துகொண்டிருந்த பிரகாஷ்.

சரோஜா மூன்று வாரத்துக்குத்தான் வந்திருந்தாள். நியூஜெர்சியில் மகள் கவியா வீட்டில் அவளுக்கு மாடியில் ஒரு அறை. சின்ன அறைதான். ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இராமலிங்கம் கட்டிய வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. கல்யாணமான மூன்றாம் மாதம், அடிக்குப் பயந்து அவள் ஒருநாள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். மறுநாளே ஸ்குரூ டிரைவர் எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அதற்குப் பிறகு குடிபோன ஒவ்வொரு வீட்டிலும் சாமான் இறக்குவதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை அதுதான். முப்பத்தாறு வருடம்.

கவியா அமெரிக்கக் குடிமகளாகி அம்மாவுக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தாள். அப்பாவுக்கு மனு போடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை. அங்கே ஒரு மளிகைக் கடையின் சமையலறையில் வாரம் நான்கு நாள் மாவரைக்கும் வேலை கிடைத்தது. சொந்தச் சம்பளம். ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். இப்படி மூன்று வருடம் ஓடியது. பிறகு, கொழுந்தன் திருமலையின் போன் வந்தது.

"அண்ணி, அண்ணன் வாயில ஈ போவுது. தொடைக்க ஆள் இல்ல. நீங்க அங்க பனியில போட்டோ எடுத்துனு இருங்க."

வந்துவிட்டாள்.

வந்த முதல் வாரம், அடுப்பில் கஞ்சி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மகளோடு பேசினாள். கவியா பாடம் நடத்துவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அம்மா, ஆறு மாசம் தாண்டுனா ஏர்போர்ட்ல நிக்க வச்சு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அது கூட சமாளிக்கலாம். ஒரு வருஷம் தாண்டுனா அந்த கார்டு வெறும் பிளாஸ்டிக்குமா. உள்ள வுட மாட்டாங்க. முன்னாடியே பர்மிட் வாங்கிட்டு போயிருக்கணும், அதுவும் இங்க இருக்கறப்பவே அப்ளை பண்ணணும். மூணு வாரந்தான்னு நாம வாங்கல. சீக்கிரம் வந்துடு."

"வந்துடறேன் கண்ணு" என்றாள் சரோஜா.

காலண்டர் கேட்டது மறுநாள் காலையில். மாட்டியதும், அவள் வந்த நாளிலிருந்து அன்றுவரைக்கான தாள்களைத்தான் முதலில் கிழித்து எடுத்துக்கொண்டார்.

இராமலிங்கம் இருபத்தெட்டு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். யார் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று சான்று எழுதுவது அவர் வேலை. ஒருமுறை, பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்வந்த ஒருவன், மகன் காலேஜ் சீட்டுக்காக இருப்பிடச் சான்று கேட்டு வந்து நின்றான். "வருஷத்துல எத்தினி நாள் இந்த ஊர்ல படுக்கற? எண்ணிச் சொல்லு" என்றார். அவன் எண்ணினான். "கம்மியா இருக்கேப்பா" என்று அனுப்பினார். கடைசி தேதி முடிந்த மறுநாள் கூப்பிட்டு, சான்றைச் சிரித்த முகத்தோடு கையில் கொடுத்தார். அந்தக் கதையை வீட்டில் சாப்பிடும்போது அடிக்கடி சொல்வார். ஒரு நாளுக்கு எவ்வளவு எடை என்பது அவருக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் சரோஜா முதல் டிக்கெட்டைப் போட்டாள். மகள் பணம் அனுப்பி, கவனித்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்திருந்தாள். அந்த அம்மா ஊட்டிய முதல் கவளத்தை இராமலிங்கம் அவள் முகத்திலேயே துப்பினார். இரண்டாம் நாளும் துப்பினார். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. பிறகு அவர் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். டிக்கெட்டை ரத்து செய்ததும் அன்று சாயங்காலமே இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பதினோராம் மாதம் இரண்டாவது டிக்கெட். கிளம்புவதற்கு முதல் நாள் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்கள்.

முந்நூற்று அறுபத்து மூன்றாம் நாள் மூன்றாவது டிக்கெட். பெட்டி கட்டி, பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில் வைத்து, ஆட்டோவும் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். இராமலிங்கம் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். நெற்றியில் ரத்தம். வழியனுப்ப வந்திருந்த திருமலை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கட்டுன புருஷன் ரத்தத்தை தாண்டிப் போவீங்களா அண்ணி? போங்க. ஆனா பொணத்துக்கு வர வேணாம்."

அவள் தாண்டவில்லை. ஆட்டோவைத் திருமலையே திருப்பி அனுப்பினார். சரோஜா பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்தாள். காயம் கால் அங்குலம்.

அதற்கப்புறம் இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. முந்நூற்று அறுபத்தாறாம் நாள் காலையில் அவள் சமையற்கட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. திருமலைதான் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் விபூதி. இடது கையில் ஒரு குச்சி. இராமலிங்கம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கடைக்குப் போய் டீ குடிச்சிட்டு வரேன்" என்றார். வாய் கொஞ்சம்தான் கோணியது.

புளித்தண்ணீர் அவள் கை வழியே முழங்கை வரை வழிந்தது.

"உன் பொண்ணு சொன்ன கணக்கு நேத்தோட முடிஞ்சுதில்ல?" என்றார். மடித்து வைத்திருந்த காலண்டர் தாள்களைக் கட்டாக மேடையில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்கோ. ஒண்ணு கூட கம்மி இருக்காது."

தெருமுனை வரை அவர் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

கவியாவிடம் இன்னும் ஒரு வழி இருந்தது. கையை மீறிய காரணத்தால் தங்க நேர்ந்தது என்று நிரூபித்தால், திரும்பி வருவதற்குச் சிறப்பு விசா கேட்கலாம். அவரை விட்டுவிட்டுப் போக முடியாத நிலை என்று டாக்டர் கடிதம் வேண்டும். சரோஜா அன்று மத்தியானமே டாக்டரிடம் போனாள். எழுதுவதற்கு முன் அவர் பிரகாஷை வரச்சொல்லி, சிகிச்சைக் குறிப்பைக் கேட்டார். அது ஒரு நாற்பது பக்க நோட்டு. டாக்டர் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"போன ஆகஸ்ட்லயே குச்சி வச்சு நடந்திருக்காரேம்மா. தேதி போட்டு எழுதியிருக்கான்."

பிரகாஷ் ஒன்றும் புரியாமல் சிரித்தான். "ஆமா சார், நல்லாவே நடப்பாரு. அம்மா மார்க்கெட் போறப்பதான் நடக்க வைப்பேன். 'அவகிட்ட சொல்லாதப்பா, சர்ப்ரைஸா இருக்கட்டும்'னாரு. பொண்டாட்டி மேல எவ்ளோ ஆசைன்னு நெனச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "நான் எப்படிம்மா வேற மாதிரி எழுதறது?"

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தாள். முதலிலிருந்து மறுபடி மனு போடலாமா என்று கேட்டாள்.

"போடலாம்மா. பாக்கலாம். இப்ப உடனே வேணாம். நீ வரலைன்னதும் எங்க மாமியார் வந்துட்டாங்க. உன் ரூம்லதான் இருக்காங்க. அவங்கள எங்க போச் சொல்றது?"

"கதவு சரியா சாத்துதா?" என்று கேட்டாள் சரோஜா.

"எந்தக் கதவு?"

"ஒண்ணுமில்ல. வச்சிடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமலை சொந்தக்காரர்களைத் திரட்டி வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய. அண்ணாமலையார் அருள் என்றார்கள். மாலை போட்டார்கள். இராமலிங்கம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினார். கைதட்டினார்கள். பந்தியில் சரோஜா சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தபோது, பக்கத்து இலைக்காரரிடம் அவர் சொன்னார்: "அமெரிக்காக்காரன் குடியிருப்பு இல்லன்னுட்டான். இவளுக்கு இனிமே நான்தான் இருப்பிடச் சான்று குடுக்கணும்."

பந்தி முழுக்கச் சிரித்தது.

சரோஜா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். யாரும் அவள் குரலை அந்த உயரத்தில் கேட்டதில்லை. "இவரு எழுந்து நடந்தா, பன்னெண்டு பௌர்ணமி கிரிவலம் வர வைக்கறேன்னு அண்ணாமலையாருக்கு நேர்ந்துகிட்டேன். செருப்பு இல்லாம, மலையச் சுத்தி முழுசா. கூட நானும் வரேன். இந்த பௌர்ணமியே ஆரம்பம்."

அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. அவள் வாயில் அது தடுமாறாமல் வந்தது.

இராமலிங்கத்தின் கை இலையில் நின்றது. "பதினாலு கிலோமீட்டரு. எனக்கு காலு..."

"அதான் நல்லா நடக்கறீங்களே. எல்லாரும் இப்பதானே பாத்தாங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். திருமலை கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "காலு குடுத்த சாமிண்ணா. அண்ணி நேர்ந்தத மீறுனா கண்ணைக் குத்திடும். வேன் நான் வைக்கறேன், ராஜகோபுரத்துல எறக்கி வுடறேன். நம்ம சனம் மொத்தமும் வரோம்."

பங்குனிப் பௌர்ணமி. சாயங்காலம் வெயில் தாழ்ந்து கிளம்பலாம் என்றார் இராமலிங்கம். திதி இரண்டு மணிக்கே வந்துவிட்டது என்றாள் சரோஜா. இரண்டேகாலுக்குக் கற்பூரம் ஏற்றிக் கிளம்பினார்கள். அவர் செருப்பைக் கழற்றியதும் அதை எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். தார் ரோடு கொதித்தது. அவள் பாதமும்தான் பொரிந்தது.

சொந்தக்காரர்கள் கூட்டத்தில் முன்னால் போய்விட்டார்கள். அக்னி லிங்கம் தாண்டியதும் அவர் கெஞ்ச ஆரம்பித்தார். ஆட்டோ கேட்டார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் மட்டும் கொடுத்தாள். எம லிங்கத்துக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். நான்கு பேர் ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்கள்.

"வேணாங்க, இவருக்கு இது பழக்கந்தான்" என்றாள் சரோஜா. "ஸ்கேன்லாம் எடுத்துப் பாத்தாச்சு. எல்லாம் நார்மல். நீங்க போங்க."

அவர்கள் தயங்கிப் போனார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிஜமாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. இன்னொரு கடலையை உரித்தாள். மேளக்கார கோஷ்டி ஒன்று கடந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு வரிசையாகக் கடந்தார்கள். கால்மணி நேரம் கழித்து, அவருடைய இடது கண் இமை ஒரு நூல் அளவு திறந்து, அவள் இருக்கிறாளா என்று பார்த்தது.

சரோஜா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். குச்சியை எடுத்து அவர் கையருகே வைத்தாள்.

"எழுந்திருங்க. இன்னும் பாதி கூட வரல. அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பது நாள் இருக்கு, காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

குச்சி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பையில் அவருடைய செருப்பு அவள் இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது.