அமத்துங்க

இந்தத் திருவிதாங்கூர்த் தேயிலைக்காட்டுக்கு வந்த புதிதில், நாற்று நட்டுக்கொண்டிருந்த என்னிடம் மலையாளத்து மேஸ்திரி, "மண்ணு அமர்த்து, நல்லோணம் அமர்த்து" என்றார். மண் என்ன அழுகிறதா அமர்த்துவதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காலால் அழுத்திக் காட்டிய பிறகுதான் விளங்கிற்று. கம்பத்தில் நாம் அழுகிற பிள்ளையை அமர்த்துவோம், கோபக்காரனை அமர்த்துவோம். குமுளி மலையேறினால் அதே சொல்லுக்கு அமுக்கு என்று அர்த்தம். அமர் என்றால் அடங்கி உட்காருவது. அமர் என்றால் போர் என்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவன் யாரோ, நாசமாய்ப் போனவன்.

அந்த வருஷத்து ஆனி மழையில் கங்காணி என் மதினியைப் பிரம்பால் அடித்தான். அண்ணன் கவாத்துக் கத்தியோடு பாய்ந்தான். முதல் வெட்டிலேயே கங்காணியின் முன்கை பிளந்து ரத்தம் கொட்டியது. அவனுடைய ஆட்கள் என்னைப் பிடித்து என் வாயைப் பொத்தினார்கள். இன்னொரு வெட்டு விழுந்தால் அண்ணனுக்குத் தூக்குத்தான் என்று மதினிக்குத் தெரியும். ஓடிவந்த மலையாளக் காவல்காரர்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"அய்யா, அவுகள அமத்துங்க!"

அவர்கள் அண்ணனைக் குப்புறத் தள்ளினார்கள். கத்தி எங்கோ தெறித்தது. ஒருவன் முதுகில் ஏறி உட்கார, மற்றவன் பிடரியில் முழங்காலை ஊன்றினான். அண்ணன் முகம் சேற்றில் புதைந்தது.

"இப்பிடியா அமத்துறது? மெதுவா அமத்துங்கய்யா" என்று அவள் அலறினாள்.

அவர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். இன்னும் அழுத்தினார்கள். விடு என்பது இரண்டு பாஷைக்கும் பொது. வாயைப் பொத்திய கையைக் கடித்து உதறிவிட்டு நான் அதைக் கத்தியபோது அண்ணனுக்கு மூச்சு இல்லை.

பிடரியில் முழங்காலை ஊன்றியவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "சேச்சி பறஞ்ஞிட்டல்லே அமர்த்தியது?" என்று கேட்டான்; அக்கா சொல்லித்தானே அமுக்கினோம் என்கிறான். அவனை வெட்டிப்போட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு மதினியையும் அண்ணனின் கைக்குழந்தையையும் கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் பிள்ளை வீரிட்டது. அவளுடைய சொந்த அக்காதான், "ஏத்தா, புள்ளைய அமத்துத்தா" என்றாள்.

மதினி பிள்ளையை மார்போடு சேர்க்காமல், தரையில் கிடத்திவிட்டுக் கைபடாத தூரத்துக்கு விலகினாள். பிறகு குனிந்து, சுற்றியிருந்த சனம் வேடிக்கை பார்க்க, "கரயல்லே மோனே, கரயல்லே" என்று, அழவேண்டாமென மலையாளத்தில் கெஞ்சினாள்.