சோலார் மானியமும் பெருமாள்ஜியும்

லைட் பில் ஏறிக்கொண்டே போனதால், மும்பை செம்பூரில் எங்கள் சின்ன வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டோம். அரசு மானியம் வந்துவிடும் என்ற தைரியத்தில்தான் என் கணவர் செல்லத்துரை கடன் வாங்கினார்.

பேனல் போட்டுத் தந்த மராட்டிய கான்ட்ராக்டர் ஒருநாள் என் போனுக்கு அழைத்து, "பெருமாள்ஜி இருக்காரா?" என்று இந்தியில் கேட்டார். பெருமாள் என் மாமனார். "அவர் தவறிட்டாரே" என்றேன். "ஸாரி பாபி" என்று அண்ணி முறை சொல்லி வருந்திவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் என் போனுக்கு அவரிடமிருந்து மெசேஜ் வந்தது: 'மீட்டரை வாரிசு பெயருக்கு மாற்றினால்தான் மானியம் கிடைக்கும்.'

கணவரிடம் காட்டினேன். "ஏட்டி, நான் உசுரோட இருக்கும்போது எதுக்கு வாரிசு? மானியம் வரலன்னா கடன எப்படி அடைக்கது?"

மறுநாள் கான்ட்ராக்டரே துக்க முகத்தோடு வந்தார். கதவைத் திறந்த என் கணவரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "அரே, பெருமாள்ஜி!"

அப்போதுதான் விளங்கியது. லைட் பில்லில் 'செல்லத்துரை பெருமாள்' என்றிருக்கிறது. மும்பையில் கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்பதால், அவருக்கு என் கணவர்தான் பெருமாள்ஜி!

"ஒரே போன்ல என்னை முடிச்சிட்டியேட்டி!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தாமதமானாலும் மானியம் வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் யார் போனில் பெருமாள்ஜியைக் கேட்டாலும், "இருக்கார், நன்றாக இருக்கார்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெருமாள் என்பதை அப்புறம்தான் விசாரிக்கிறேன்.