பீப்பாய்த் தொழிலாளியின் கல்வீடு

2005 ஒக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குக் பிரெஞ்சு பேசும் அந்த நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள யூட்டின் வீட்டிலிருந்து இருவரும் கிளம்பினோம். முந்தின நாள்தான் றொறன்ரோவிலிருந்து ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில் வந்திருந்தேன். யூட் மன்னார்க்காரர், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் குழுவொன்றில் கல்வேலை செய்பவர்.

"ஒரு வீடு காட்டுறன், அண்ணை. நாளைக்கே வரவேணும். பேந்து வந்தா அந்தச் சுவர் இருக்காது" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தார்.

மெட்ரோ ரிக்கெற் இரண்டரை டொலர். ஸ்னோடனில் மாறி, பிளாஸ்-தார்மில் இறங்கி, துறைமுகத்தை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தோம்.

வீட்டைக் கண்டதும் நின்றுவிட்டேன். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், முகப்பில் மூன்றே ஜன்னல் அகலம், இரண்டடிக்கு மேல் தடித்த சுவர்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் மரப்பீப்பாய் செய்யும் ஒருவர் கட்டியது. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு, கூரைக்குள் சரக்கு அறை. இடைக்காலப் பிரெஞ்சு நகரங்களில் கைவினைஞர்கள் வாழ்ந்த வீட்டின் அதே அமைப்பு கடல் கடந்து வந்திருக்கிறது. பனி வழுக்கி விழுவதற்காகக் கூரை மட்டும் செங்குத்தாகச் சரிந்திருந்தது. பக்கச் சுவர்கள் கூரையையும் தாண்டி உயர்ந்து நின்றன.

"பக்கத்து வீடு எரிஞ்சாலும் நெருப்பு இஞ்சால வரக்கூடாதெண்டு கட்டினது" என்றார் யூட். "இப்ப புகைபோக்கியைப் பாருங்கோ. எவ்வளவு அகலம்! மேல்வீட்டில ஒரு சின்ன அடுப்புத்தான் இருக்கு. அதுக்கு ஆர் இப்பிடிக் கட்டுவினம்?"

நான் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தேன்.

"பீப்பாய்ப் பலகையை நெருப்புக் காட்டித்தான் வளைக்கிறது. கீழ்ப் பட்டறைச் சுவருக்குள்ள பெரிய அடுப்பொண்டு மூடிக்கிடக்கவேணும். அந்தச் சுவரைத்தான் இண்டைக்கு உடைக்கப் போகினம்."

பக்கத்து உணவகத்தை நடத்துபவர்தான் இப்போது வீட்டின் உரிமையாளர். இரண்டையும் இணைக்க அந்தச் சுவரில் வாசல் வைக்கத் திட்டம். வரைபடத்தில் அடுப்பு எதுவும் இல்லை. எட்டு மணிக்கு வந்த பொறியாளர் எலேன், யூட் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். அடுப்பைக் கண்டுபிடித்துக் காட்டப் பன்னிரண்டு மணிவரை அவகாசம்.

"பிழைச்சுதெண்டா என்ரை கதையை இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்று என் காதுக்குள் சொன்னார் யூட். ஆறு வருடமாகச் சாந்து குழைத்தவரை அண்மையில்தான் உளி பிடிக்க விட்டிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு யூட்டின் உளி பட்டுச் சுவரின் நடுவில் பூச்சு உதிர்ந்தது. உள்ளே வெறும் கல். பத்தரைக்கும் கல்தான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யூட் இடப்பக்கம் நகர்ந்து தட்டினார். சத்தம் மாறியது. பூச்சைச் சுரண்டினால் செங்கல்! கல்வீட்டில் செங்கல் எதற்கு? பதினொன்று இருபதுக்கு நாலைந்து செங்கற்களைக் கழற்றியதும் பழைய கரிமணம் வந்து முகத்தில் அடித்தது.

"அண்ணை, லைற்றை உள்ளுக்குப் பிடியுங்கோ!"

ஆள் குனிந்து நிற்கக்கூடிய அடுப்பு. மேலே ஒரே கல்லில் உத்தரம். பக்கத்தில் இரும்புக் கொக்கி, அப்படியே தொங்கியது. நான் கத்தியே விட்டேன். துவாரத்தைப் பெரிதாக்கியதும் எலேன் தலைக்கவசத்தோடு உள்ளே தவழ்ந்து, கன்னமெல்லாம் கரியாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஒரு மணிக்கு உரிமையாளர் வந்தார். முழந்தாளிட்டு வெகுநேரம் பார்த்தார். எலேன் வரைபடத்தில் வாசலை அழித்து, இரண்டு மீற்றர் பின்னால் வரைந்து நீட்டினார். "உய்" என்றார் உரிமையாளர். பிரெஞ்சில் ஓம், சரி என்று பொருள். அடுப்புக்கு முன்னால் ஒரு மேசை போடப்போகிறாராம்.

மாலை ஐந்து மணி பஸ். றொறன்ரோவில் நான் குடியிருக்கும் கட்டடம் என்னைவிட வயதில் இளையது. அதன் சுவரை இதுவரை ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை என்று யூட்டிடம் சொன்னேன். அவர் வேறு நினைப்பில் இருந்தார்.

"அண்ணை, திங்கட்கிழமை மேல்மாடிச் சுவரில கைவைக்க முதல் எல்லாரும் என்னட்டைக் கேக்கவேணுமாம். எலேன் சொல்லிப்போட்டுப் போனவ" என்றார்.