அம்மா பேச வேண்டிய வரிகள்

கோவில்பட்டி மார்க்கெட்டில், பலசரக்குக் கடை வாசலில், உளுந்துப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா நின்றாள். கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மதினி, வீட்ட இடிச்சாச்சாமே. அண்ணாச்சி வேற எடம் பாக்காவளா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பதினேழு வயது, பக்கத்தில் நின்றேன். அம்மா பையைத் திரும்பப் பலகை மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

அந்த வீடு எங்கள் வீடு இல்லை. அம்மாவின் கர்ப்பப்பை. எனக்குப் பதினான்கு வயதில் தம்பி வயிற்றிலேயே இறந்தான். அம்மாவைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கம் நின்று அப்பா அழுதார். அம்மா உதடு காய்ந்து கிடந்தாள். அவள்தான் அவரைத் தேற்றினாள். "குடியிருக்க வந்தவன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். வீட்டையும் இடிச்சுப் போட்டாவ. விடுங்க." அப்பா அழுகையோடு சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அப்பா மில்லில் கிளார்க். எழுதியதெல்லாம் நகைச்சுவை நாவல். பேச்சை எழுத அவரைப்போல ஆள் இல்லை என்பார்கள். அந்தப் பேச்செல்லாம் அம்மாவுடையது. அடுப்படியில் அவள் சொல்வதை இவர் கூடத்தில் எழுதுவார். அவளும் பெருமையாகத்தான் இருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னதையும் ஒரு குண்டுப் பொம்பளை வாயில் வைத்து, டாக்டரிடம் சொல்வதாக எழுதிவிட்டார். அந்த நாவல்தான் அதிகம் விற்றது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், டீக்கடையில் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா, முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பா முன்னால் போய் நின்றாள். "நான் பேசினாத்தான எழுதுவீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு பேசினாள், பக்கத்து வீட்டாரோடு பேசினாள், கோழியை வைதாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவியளச் சாப்பிடச் சொல்லு என்று என்னிடம் சொல்வாள். அப்பா முதலில் அதையும் வேடிக்கையாக்கப் பார்த்தார். பிறகு கெஞ்சினார். பிறகு விட்டுவிட்டார். சிரிப்பு நாவல் மட்டும் வருஷத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருந்தது.

ஓர் ஐப்பசியில் அம்மா இறந்தாள். அப்பா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார், கூட இருந்தது நான் மட்டும். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். போனேன். மழை. கரிசல் சேறு அப்பாவின் ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. மறு காலில் செருப்போடு அப்படியே நின்றார். வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

அதன் பிறகுதான் சிரிப்பே இல்லாத ஒரு நாவலை ஆரம்பித்தார். செத்துப் பிறந்த பிள்ளை, பேசாமல் போன மனைவி. தாலுகா ஆபீஸ் எதிரில் நான் வைத்திருக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்குக் கையெழுத்துத் தாள்களைக் கொண்டுவருவார். நான் அடித்துக் கொடுப்பேன். புருஷன் பேசுவான், அடுத்த வரி வெறுமையாக இருக்கும். மறுபடி பேசுவான், மறுபடி வெறுமை. இது என்ன என்று கேட்டேன்.

"அங்கன ஒங்கம்மா பேசணும். எனக்கு வரமாட்டேங்குது."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கடைசியா எனக்குன்னு என்னட்டி சொன்னா?"

"சொன்னா அதையும் எழுதுவீங்க" என்றேன்.

ஒவ்வொரு தடவை தாள் கொண்டுவரும்போதும் கேட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முன்னாலும் கேட்டார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். கடைசித் தாளைக் கொடுத்த அன்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எழுத மாட்டேன்ட்டி. இனிமே எதையுமே எழுதல. கேட்டுக்கிட மட்டும் செய்யுதேன்." நான் திரையைப் பார்த்துக்கொண்டே, வெறும் வரிகளை என்ன செய்ய என்று கேட்டேன். அப்படியே அடிச்சிரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் வந்தது. சிரிக்க வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் விமர்சனம் எழுதியவர்கள் அந்த வெற்று வரிகளைக் கொண்டாடினார்கள், மௌனத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்டவர் இல்லையாம். நுட்பமும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி பேச்சு கிடைக்கவில்லை. ஒரு விமர்சனத்தையும் அவர் கடைசிவரை படிக்கவில்லை. சொன்னபடியே அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவும் இல்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அம்மா அவருக்கு என்று எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள். மழையில் கொடித்துணி நனைகிறது, எடு என்றாள். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவள் ஒரு தடவைகூட அவர் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அதுவும் இல்லை. ஏதோ ஒன்று இருக்கிறது, மகள் மறைக்கிறாள் என்று நம்பிக்கொண்டே அப்பா செத்தார். அவள் ஒன்றும் சொல்லாததை, அவர் மனம் உடையக்கூடாது என்று நான் மறைத்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். அவர் என்னிடம் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது.