மேலே மாங்குயில், கீழே நான்

கள்ளிக்குப்பத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் ஒரு முருங்கை மரம் உண்டு. மரம் என் பக்கம் நிற்கிறது. கிளைகளில் பாதி, பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடிக்கு மேலே நீண்டிருக்கிறது. காய்ப்பதும் அந்தப் பாதிதான். காய்க்கும் மாதங்களில் மரம் அக்காவுடையது. பூச்சி வந்தால் மட்டும் என்னுடையதாகிவிடும்.

மழை விட்டதும் கம்பளிப்பூச்சி வரும். பகலெல்லாம் அடிமரத்தில் அடையாக அப்பிக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் மேலேறி இலையைத் தின்னும். போன வருடம் ஒரு நீளக் கழியின் நுனியில் பழந்துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் பிடித்தேன். சூடு பட்ட பூச்சி நேராக எங்கே விழும் என்கிற அறிவு, அது விழுந்த பிறகுதான் எனக்கு வந்தது. அந்த வாரம் அலுவலக மீட்டிங் முழுவதும் கேமராவை அணைத்துவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தேன். "ஏதோ கரகரன்னு சத்தம் வருதே" என்றார் மேனேஜர். நெட்வொர்க் என்றேன்.

இந்த வருடம் பூச்சிக்குப் பின்னாலேயே ஒரு மாங்குயில் வந்தது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி வருகிற பறவை. உடம்பெல்லாம் மஞ்சள், இறக்கையில் கறுப்பு, கண்ணில் மை தீட்டிய கோடு. அலுவலக வேலையைத் தொடங்கும் முன் மாடியில் நாற்காலி போட்டு, டீயும் கையுமாக அதைப் பார்ப்பது என் வழக்கமானது. அடிமரத்து அடையை அது சீந்தவே இல்லை. மேலேறிய பூச்சிகளில் சில, விடிந்தும் இறங்காமல் இலைக்காம்புகளில் தங்கிவிடும். அவைதான் அதற்கு. ஒன்றைக் கவ்வும், கிளையில் அடிக்கும், இப்படியும் அப்படியும் தேய்க்கும், மயிர் கொஞ்சம் உதிர்ந்ததும் விழுங்கும். நான் பந்தம் பிடித்துச் செய்ததைவிட சுத்தமான வேலை.

அப்போதுதான் அக்கா வந்தார்.

"நைனா, வெள்ளிக்கெழம என் பொண்ணு கொயந்தயோட ஊட்டுக்கு வருது. பச்சப்புள்ள துணி அந்தக் கொடிலதான் காயணும். வியாயக்கெழம மரம் வெட்ற ஆளு வரான். என் பக்கம் கீற கெளய மொத்தமா எறக்கிடச் சொல்லிட்டேன்."

"அக்கா, ஒரு குருவி வந்து பூச்சியெல்லாம் தின்னுது. கொஞ்சம் பொறுங்க."

"எம்மாந்நாளு?"

அது எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். தெரிந்தவன் ஒருவனை இழுத்தேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்க்கிற என் நண்பன் சொல்வான்: காப்பிச்செடிக்கு மேலே நிழலுக்கு நிற்கிற பெரிய மரங்களை அவர்கள் வெட்டுவதில்லை, குளிர்காலத்தில் வருகிற குருவிகள் அந்த மரங்களில் தங்கி, இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கும். இதை நான் கொஞ்சம் இழுத்தே சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "காப்பிச்செடிக்கு செரி. அதுக்கு சொறியாது. என் பேரனுக்கு சொறியுமே!"

நேரில் பார்த்தால் மனம் மாறுவார் என்று மறுநாள் காலை மாடிக்குக் கூப்பிட்டேன். அன்று மாங்குயில் வரவில்லை. இரண்டு டீ குடித்துவிட்டு, "உன் குருவி லீவா?" என்று கேட்டு இறங்கிப்போனார். அதற்கடுத்த நாள் வந்தது. அக்கா வாயைப் பிளந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி போட்டுத் தேய்க்குது?"

"மயிர உதிர்க்குது. இல்லன்னா தொண்டையில குத்தும்."

"அதுக்குக் கீற புத்தி போன வருசம் உனக்கு இல்லியே, நைனா."

மடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மாங்குயில் தூரத்து வேப்பமரத்துக்குப் பறந்துவிட்டது. அக்கா அடிமரத்தைக் காட்டினார். "இவ்ளோ கீது, அத்த தொடவே இல்ல. நாலு துன்னுட்டுப் போய்க்கினே இருக்குது. என் கொடி மேல வியிறதுக்கு இன்னா வயி?"

நியாயமான கேள்வி. பதில், டம்ளர் எடுக்க வந்த என் மனைவியிடம் இருந்தது.

"அக்கா, கொடிய எங்க மாடியில கட்டிக்கங்க. வெயிலும் நல்லா அடிக்கும். அடிமரத்துல இருக்கறத இவர் வழிச்சுப் போட்டுடுவாரு."

"இவரா?" என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அன்றே, பொழுது சாயும் முன் மரத்தடிக்குப் போனேன். மழைக்கோட்டு, ஹெல்மெட், கையுறை, ஒரு வாளி சோப்புத் தண்ணீர், தென்னந்துடைப்பம். அடையாக இருந்ததை வழித்து வாளியில் தள்ளினேன். ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவில் விரற்கடை இடம் விட்டிருந்தேன். பூச்சி அதைக் கண்டுபிடித்தது.

வியாழக்கிழமை வந்த ஆளிடம், கொடியை மேலே மாற்றியாகிவிட்டது, வேலை இல்லை என்று அக்காவே சொல்லி அனுப்பினார். கிளை பிழைத்தது. வெள்ளிக்கிழமை குழந்தை வந்தது. அதன் துணிகள் எங்கள் மாடியை நிறைத்தன. கொடி என் நாற்காலிக்கும் மரத்துக்கும் சரியாகக் குறுக்கே. படபடக்கும் துணிக்கு மிரண்டு மாங்குயில் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு துணி பழகிவிட்டது போலும், திரும்பி வந்தது. இப்போது இரண்டு துணிகளுக்கு நடுவே கிடைக்கும் சந்தில்தான் அதைப் பார்க்கிறேன். ஈரத்துணி டீயில் சொட்டும்.

கழுத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் கீழேயிருந்து அக்காவின் குரல்: "நைனா! உன் மஞ்சா குருவி வந்துகீது, பாரு!"

ஆசையாக எழுந்தேன்.

"அப்டியே காஞ்ச துணிய எடுத்து மடிச்சிட்டுப் பாரு."