பெட்டியில்லாத பவர் சப்ளை

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் சொந்தமாக இரும்புக்கடை போட்டவன். சண்டைக் காலத்தில், மகளின் கேம் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்க வெள்ளவத்தைக்குப் போனேன். நல்ல கிராபிக்ஸ் கார்ட்டுக்கே காசு அநேகமாக முடிந்துவிட்டதால், பவர் சப்ளையைப் பழையதாகப் பார்த்து, கையில் தூக்கிப் பாரம் பார்த்தே தெரிந்தெடுத்தேன்.

"அங்கிள், வயர் தொங்குது. பெட்டியில போட்டுத் தாரேன்," என்றாள் கடையிலிருந்த சிங்களப் பிள்ளை.

"இரும்பையே தோளில சுமந்தவன் நான், இதுக்குப் பெட்டியா?" என்று சிரித்து, அதை அப்படியே என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தெருமுனைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைத் திறந்தான். வயரைக் கண்டதும் குண்டென்று நினைத்துத் துவக்கை நீட்டினான். தெரிந்த சிங்களமெல்லாம் எனக்கு மறந்துபோனது. கடை வாசலில் நின்று கண்ட அந்தப் பிள்ளைதான் ஓடி வந்து, தன் அடையாள அட்டையைக் கொடுத்து, "இது நான் வித்த சாமான்" என்று சொல்லி என்னை மீட்டாள்.

யார் தயவுமில்லாமல் முன்னுக்கு வந்தவன் என்று இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போது அவள் முகம் முன்னால் வந்து நிற்கும்.